புதுச் சட்டை

“எங்க வாங்கினீங்க, சித்தப்பா?”

அந்த வீட்டில் கேட்கவே கூடாத கேள்வி அது. அப்பாதான் சொல்லி வைத்திருந்தார். என்ன வேணும்னாலும் கேளு, சாமான் எங்க வாங்கினீங்கன்னு மட்டும் சித்தப்பாகிட்ட கேக்காத, மனசு ஒடிஞ்சுபோயிடுவான். சொன்னவர் இப்போது கடைத்தரையில், கழுத்திலிருந்து கன்னம்வரை கட்டோடு படுத்திருந்தார். பின்பக்கத்து வீட்டில் துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி போட இடமில்லை என்று ரிப்பேர் மேசையைச் சுவரோரம் தள்ளி அவரை இங்கேயே கிடத்தியிருந்தார்கள்.

சித்தப்பா ஒரு புதுச் சட்டையின் காலரில் குண்டூசி தேடிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கடைசியாகப் போட வாங்கி வந்தது. நிமிராமலே சொன்னார்.

“மெயின் ரோட்லதான்மா. அளவு சரியா இருக்கும். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே சைஸ்.”

“சட்டையைக் கேக்கல. கண்டென்சரைக் கேட்டேன்.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, “ஏய், வாய மூடு” என்றாள்.

மகள் மூடவில்லை. கண்டென்சர் என்ற அப்பாவின் வார்த்தை தன் வாயில் வந்ததை அவளே அப்போதுதான் கவனித்தாள். எலக்ட்ரானிக்ஸ் படித்துப் பட்டம் வாங்கியவள், அந்தக் குடும்பத்தில் முதல் ஆள். “நீ படிச்சது கெப்பாசிட்டர், நான் மாத்தறது கண்டென்சர். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல” என்று அப்பா கிண்டலடிப்பார். இரண்டும் ஒன்றுதான், போர்டில் கரண்டைத் தேக்கி வைக்கும் குப்பி. கம்பெனி ஏஜெண்டிடம் வாங்குங்கள், சீல் உடைக்காத பையில் வாங்குங்கள் என்று அவள் தொண்டை வறளச் சொன்னபோதெல்லாம் நன்றாகத் தலையாட்டினார். பிறகு சித்தப்பா மூட்டையில் கொண்டுவந்து கொட்டியதையே எடுத்து மாட்டினார்.

நேற்றும் அப்படித்தான் மாட்டினார். வெல்டிங் மெஷின் போர்டு. சுவிட்சைப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் குனிந்து காதைக் கொடுத்தார். கெட்டுப்போன கண்டென்சர் வெடிப்பதற்கு முன் சன்னமாகச் சீறும், அதை அவர் காது பிடித்துவிடும். நேற்றையது சீறவில்லை. குப்பியின் தலையில் நிஜமான கீறல் இருந்தால் அந்த வழியாகப் புகையைக் கக்கிவிட்டு அடங்கியிருக்கும். இதில் கீறல் மாதிரி கோடுதான் போட்டிருந்தார்கள். அலுமினியக் குப்பி அப்படியே பிய்த்துக்கொண்டு கிளம்பித் தாடைக்குக் கீழே ஏறிவிட்டது.

ரேக்கின் கீழ்த்தட்டிலிருந்த அட்டைப்பெட்டியை அவள் காலால் இழுத்துத் தள்ளினாள். கருப்புக் கண்டென்சர்கள் உருண்டு பிணத்தின் கால்வரை போயின. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சைஸுக்குக் கனமே இல்லை. மேசையோரத்து வைஸின் இடுக்கில் இறுக்கி ஆக்ஸா பிளேடால் அறுத்தாள். அந்தச் சத்தத்தில் வெளியே நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“பொணத்த வெச்சுக்கிட்டு என்ன வேலம்மா இது?” என்றார் பக்கத்துக்கடை டைலர்.

“பொணம் விழுந்ததாலதான் இந்த வேலை.”

குப்பி இரண்டாகப் பிரிந்தது. உள்ளிருந்து கசங்கிய காகிதமும், கட்டைவிரல் அளவில் வேறொரு சின்னக் கண்டென்சரும் விழுந்தன. சித்தப்பாவின் முகத்துக்கு நேராக அதை நீட்டினாள்.

“பாருங்க. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டிருக்கான்.”

அவள் கன்னத்தில் அவர் அறை விழுந்தது. காது ரீங்கரித்தது. மேசையில் கிடந்த போர்டை எடுத்து அவள் வீசிய வீச்சில், அதன் அலுமினியத் தகடு சித்தப்பாவின் வாயைக் கிழித்தது. ரத்தம் புதுச் சட்டையில் கொட்டியது. யாரோ அவள் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். முழங்கையால் அவர்களையும் இடித்துத் தள்ளினாள்.

“உங்கப்பன் என்ன பச்சப்புள்ளையா?” சித்தப்பா ரத்தத்தோடு கத்தினார். “கையில எடுத்தா வெயிட்டு தெரியாதா அவனுக்கு? தெரிஞ்சுதான் மாட்டினான். போ, ஊரெல்லாம் சொல்லு. மாட்டினது என் கை இல்ல. அவன் பேருதான் நாறும்.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

“தம்பி கொண்டாந்தத எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னாரு,” என்றாள் அம்மா, போர்வையைப் பார்த்தே. “அதான் ஒவ்வொண்ணையும் காது வெச்சுக் கேட்டுட்டு அனுப்புவாரு.”

அதைத் தொழில் சுத்தம் என்று மகள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சட்டென்று மண்டியிட்டு அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கட்டுப்போட்ட தலை தரையில் இடித்தது.

“கேட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல, எங்க வாங்கினேன்னு!”

டைலர் அவளைப் பிரித்து எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்.

“இந்தப் பெட்டியில இருந்து வேற யாருக்கெல்லாம் போச்சு?”

“எல்லா மெஷினும் நல்லாத்தான் ஓடுது,” என்றார் சித்தப்பா.

“நேத்து வரைக்கும் அப்பாவும் நல்லாத்தான் இருந்தாரு.”

போர்வையை நீவிக்கொண்டிருந்த கை நின்றது. “என் தம்பி மெஷினு…” என்றாள் அம்மா.

மாமா இன்னும் வந்து சேரவில்லை. தெருக்கோடிப் பட்டறையில் கேட் ஒன்று பாதியில் நிற்கிறது, முடித்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று காலையில் சொல்லியிருந்தார். அவருடைய வெல்டிங் மெஷினும் போன வாரம் இந்த மேசைமீதுதான் கிடந்தது. அவள் போன் போட்டாள். முழு ரிங்கும் போய் நின்றது. மெஷின் ஓடும்போது அவருக்கு எதுவும் கேட்காது.

“வண்டி வர்ற நேரம்,” சித்தப்பாவின் குரல் இறங்கியிருந்தது. “தூக்கினப்புறம் நானே ஒவ்வொரு எடமா போய், யாருக்கும் தெரியாம மாத்திக் குடுத்துடறேன்.”

“எத வெச்சு மாத்துவீங்க?”

அவர் புதுச் சட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பிளந்த குப்பியைப் பையில் போட்டாள். மற்றதையெல்லாம் வெட்டியெடுக்கக் கட்டிங் பிளேயரையும் போட்டாள். “மாமாகிட்ட மட்டும் இல்ல, எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். வாங்கினது நீங்கன்னும் சொல்வேன். மாட்டினது அப்பான்னும் சொல்வேன்.”

“இப்பப் போனா மொகம் பாக்க முடியாதும்மா,” என்றார் டைலர்.

அம்மா எழுந்து ஆணியில் தொங்கிய பழைய சட்டையை எடுத்தாள். ஈயம் தெறித்துத் தெறித்து நெஞ்சுப்பக்கம் பொத்தல் பொத்தலாக இருந்த சட்டை. வாசற்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து அப்பாவின் விறைத்த கையை அதில் நுழைக்கப் பார்த்தாள். மகள் பக்கம் திரும்பவில்லை. வழியில் நீட்டியிருந்த காலை மட்டும் மடக்கிக்கொண்டாள்.

மகள் தாண்டி வெளியே வந்தாள். செருப்புகளின் குவியலில் தன்னுடையதைத் தேடாமல் தெருவில் இறங்கினாள். தெருக்கோடியில் மாமாவின் மெஷின் இரைந்தது, நின்றது, மறுபடி இரைந்தது. எதிரே அப்பாவைத் தூக்கிப்போக வந்த வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் ஒதுங்கவில்லை.