முதல்ல தண்ணி

சீருடையின் கடைசிப் பொத்தான் அப்பாவின் தொப்பை மேல் பொருந்தமாட்டேன் என்று அடம்பிடித்தது. மகள் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சட்டையை பெல்ட்டுக்குள் சொருகினாள். மணி இரண்டே முக்கால். மயானத்தில் நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் நாளைக்குத்தான்.

"இன்னிக்காவது நேரத்துக்குக் கிளம்புங்கப்பா."

எதிர்ச்சாரியிலிருக்கும் தீயணைப்பு நிலையத்தின் தண்ணீர் லாரியை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர். சுற்றியுள்ள ஊர்களில் தீப்பிடித்தால் பக்கத்தில் குழாய் கிடையாது. லாரியில் இருப்பதுதான் தண்ணீர். எங்கே போய்த் திரும்பினாலும் தொட்டியை நிரப்பாமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். சாப்பாடு ஆறிப்போகும், அம்மா கத்துவாள். "முதல்ல தண்ணி" என்பார், அவ்வளவுதான். மகளின் கல்யாணத்துக்கே எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு நனைந்த பூட்ஸோடு வந்து நின்றார். ஒரு போட்டோவில்கூட ஆள் இல்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வாசலில் லாரி வந்து நின்றது. ஊர்வலத்துக்கு முன்னால் போகவேண்டும் என்று நிலையத்துக்காரர்கள் பளபளவென்று கழுவி, முகப்பில் மலர்வளையம் மாட்டியிருந்தார்கள்.

"மூணு ஆகுது. தூக்கிடலாமா?" என்றார் சித்தப்பா.

வெளியே வந்தவள், என்ன தோன்றியதோ, தொட்டியை விரல்முட்டியால் தட்டினாள். அளவுக் கண்ணாடியை நம்பாத அப்பா தினமும் அப்படித்தான் தட்டுவார். கீழே தட்டினால் கும்மென்றது. கையை உயர்த்தித் தட்டினாள். டங்கென்றது. மேல்பாதி காலி.

"தண்ணி எங்க?"

புது டிரைவர் தலையைச் சொறிந்தார். "வண்டி கழுவ இதையே எடுத்துட்டோம்க்கா. அண்ணனுக்காகன்னு ரெண்டு தடவ கழுவினோம்."

"அவருக்காகவா? அவர் மட்டும் எழுந்தார்னா உங்கள உண்டு இல்லன்னு பண்ணிடுவார்!"

"மயானம் வரைக்கும்தானேக்கா. வந்ததும் ரொப்பிடறோம்."

"போற வழியில எங்கயாவது தீன்னு கூப்பிட்டா? மாலையக் காட்டி அணைப்பீங்களா?"

சித்தப்பா குறுக்கே வந்தார். "ஏம்மா, ரொப்ப முக்கா மணி நேரம் ஆகும். நாலு மணி போயிடும். உனக்குமா பைத்தியம்?"

"தெரியும் சித்தப்பா. முதல்ல தண்ணி."

சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

லாரியின் பின்னாலேயே நிலையத்துக்குப் போய் நின்றுகொண்டாள். இவர்களை நம்பி விட முடியாது. வீட்டு வாசலில், எழுந்து நின்றவர்கள் முணுமுணுத்தபடி மறுபடி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கடைசியில் தொட்டியின் மேல்மூடி வழியாகத் தண்ணீர் வழிந்து அவள் காலில் கொட்டியது. கீழே தட்டினாள், மேலே தட்டினாள். இரண்டு இடத்திலும் கும்மென்றது.

வாசலில் சித்தப்பா போனை மடக்கினார். "நாளைக்குக் காலைல ஒம்போதுக்காம். இப்ப திருப்தியா?"

நாலே கால் மணிக்கு, சொதசொதவென்று நனைந்த செருப்போடு உள்ளே வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.