பின்னால் இருந்தவரின் பங்கு

நெல்லியடியில் ஒரு வான் வண்டி மோதியபோது மோட்டார் சைக்கிளில் இருவர் இருந்தனர். ஓட்டிச் சென்ற சுபாஸ்கரனுக்கு முழங்காலுக்குக் கீழே வலக்கால் போயிற்று. பின்னால் இருந்த செல்வரட்ணத்துக்கு முழங்கையில் தோல் உரிந்தது; அதுவும் பத்து நாளில் ஆறிவிட்டது. இரண்டாண்டுகள் வழக்காடிய பின் வானின் காப்புறுதி நிறுவனம் இணங்கி வந்து, சுபாஸ்கரனுக்கு இருபத்திரண்டு இலட்சம் ரூபாய் நட்டஈடு வழங்கிற்று. அச்செய்தி காதில் விழுந்த நாள் முதல் செல்வரட்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சுபாஸ்கரன் அவருடைய தங்கை கஜந்தினியின் கணவன். தங்கை வீட்டில் நல்லது நடந்தால் தமையன் மகிழ வேண்டும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும், அவ்வீட்டுத் தரைக்கு மாபிள் கல் பதித்ததைக் கண்டபோது நெஞ்சு எரிந்தது; குளிர்சாதனப் பெட்டி வந்து இறங்கியதைக் கண்டபோது இன்னும் எரிந்தது. முப்பது ஆண்டுகள் கடலில் காய்ந்தும் தமது வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்ற அவருக்கு வழி பிறக்கவில்லை. விழுந்தது இருவருமல்லவா?

விபத்துக்கு முந்திய ஆண்டில், கூரைக்கென்று சேர்த்திருந்த மூன்று இலட்சத்தை, படகு எஞ்சின் வாங்க அவர் சுபாஸ்கரனுக்குக் கடனாகக் கொடுத்திருந்தார். அதைத் திருப்பிக் கேட்க அவருக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. இப்போதோ அந்தக் கடன் நல்லதொரு பிடியாகத் தோன்றிற்று. பருத்தித்துறைக்குச் சென்று சட்டத்தரணி அடைக்கலநாதன் முன்னே அமர்ந்து விபரத்தைச் சொன்னார்.

“அந்த நட்டஈட்டுக் காசிலை கடன் குடுத்த ஆள் கைவைக்கலாமோ, ஐயா?”

“வழக்கு நடக்கேக்கை ஏலாது. நட்டஈடு கேக்கிற உரிமையை ஆரும் பறிக்கேலாது. காசு வங்கிக்கு வந்திட்டால் கதை வேறை. நீங்கள் வழக்குப் போட்டுத் தீர்ப்பு எடுத்தால் கணக்கை மறிக்கக் கேக்கலாம்.”

“முழுக் கணக்கையுமோ?”

சட்டத்தரணி அவரை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். “கடனுக்கு எழுத்து ஏதும் இருக்கோ?”

“மச்சானிட்டை என்னெண்டு எழுத்து வாங்கிறது?”

“சரி. நீங்கள் கேட்டதுக்கு அவர் என்ன சொன்னவர்?”

“இன்னும் கேக்கேல்லை.”

அடைக்கலநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கேளாமலே வழக்கோ? உங்கடை மூண்டு வரோணுமோ, அந்தாளின்ரை இருபத்திரண்டும் போகோணுமோ? அதை முதல் யோசியுங்கோ.”

அன்று மாலையே செல்வரட்ணம் தங்கை வீட்டுக்குப் போனார். தேநீரைக் குடித்து முடிக்கும்வரை காற்றைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசினார். பின்னர், நிலத்தைப் பார்த்தவாறே, கடனைக் கேட்டார்.

சுபாஸ்கரன் முகம் மாறவில்லை. “கஜந்தினி, அந்தக் கவரை எடுத்துக்கொண்டு வாரும்.” அவள் கொண்டுவந்த கடித உறையின்மேல் செல்வரட்ணத்தின் பெயர் இருந்தது. “மூண்டும் வட்டியும் இருக்கு. போன கிழமையே எடுத்து வைச்சனான். நீங்கள்தான் இந்தப் பக்கம் வரேல்லை.”

கேட்ட பணம் கைக்கு வந்துவிட்டது. மனம் மட்டும் ஆறவில்லை. இனி இந்த வீட்டில் கேட்பதற்கு அவருக்கு எதுவுமே இல்லை என்பதுதான் பெருஞ்சுமையாக இருந்தது.

“அண்டைக்கு நானும் பின்னாலை இருந்தனான்தானே,” என்றார்.

“அண்ணை, இதென்ன கதை?” என்றாள் கஜந்தினி.

“விடும்,” என்று சுபாஸ்கரன் சிரித்தான். “மச்சான் கடல் வழக்கத்தைக் கதைக்கிறார். ஒரு வள்ளத்திலை போனால் வலையிலை பட்ட மீனிலை எல்லாருக்கும் பங்குதானே.” உடுத்திருந்த சாரத்தை முழங்கால்வரை உயர்த்தினான். “அப்ப இதையும் பங்கு போடுவம், மச்சான். நீங்கள் எந்தக் காலைத் தாறியள்?”

செல்வரட்ணம் உறையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார். “இரும், எழும்பாதையும்,” என்றவாறு விரைந்து முற்றத்தைக் கடந்தார். வந்தவரை வாசல் படலைவரை சென்று வழியனுப்பாமல் இருப்பது சுபாஸ்கரனுக்கு வழக்கமில்லை. அவன் ஊன்றுகோல்களை அக்குளில் வைத்து, ஒருமுறை சரிந்து, மறுமுறை எழுந்து, மணலில் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தான். அவன் வந்து சேரும்வரை செல்வரட்ணம் படலையடியில் காத்து நின்றார், இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு எப்படி நிற்பது என்று தெரியாமல்.