இருபத்திரண்டு நிமிடத் தவறான எண்

1

இந்தக் கதையை எழுத மாட்டேன் என்று ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்து முகம் சுளிப்பதைவிட இப்போதே சுளித்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் செயலி ஒன்றை நடத்தும் நிறுவனத்தில் எனக்கு வேலை. திரையில் வரும் வாசகங்களை எழுதுபவன் நான். 'சபாஷ்', 'இன்னொரு முறை முயற்சி செய்', 'கடவுச்சொல் தவறு' இவையெல்லாம்தான் என் இலக்கியம். எங்களைப் போன்ற ஏழு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அதன் ஆண்டு மலருக்கு 'நம்பிக்கை' என்ற தலைப்பில் இரண்டு பக்கக் கதை வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். மனசைத் தொட வேண்டுமாம், ஆனால் யாரையும் சுடக் கூடாதாம். தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குப் பதினோரு வருட அனுபவம்.

நம்பிக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்த கதை ஒன்றே ஒன்றுதான். மலரில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'கல்வித் தொழில்நுட்பத் துறையில் கூட்டுறவு என்பது ஒரு மரம். அதன் வேர்—'

(வேண்டாம். மரத்தை விட்டுவிடுவோம், பாவம்.)

இரண்டாவது: 'அவள் ஒரு தாய். அவள் கண்களில்—'

(கண்களை நான் பார்த்ததே இல்லை. குரலைத்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் ஒரே ஒரு முறை, கேட்கக் கூடாத இடத்தில்.)

மூன்றாவது: காலை பதினொன்றே காலுக்கு ஹலோ அக்காவின் மேசையில் தொலைபேசி அடித்தது.

இதுவே இருக்கட்டும். ஹலோ அக்கா எங்கள் உதவி எண்ணில் பேசுகிறவர். வீட்டில் மகன் கூப்பிட்டால்கூட 'ஹலோ, சொல்லுங்க, என்ன உதவி வேணும்' என்றுதான் வாயில் வருமாம், அதனால் அந்தப் பெயர். ஐம்பதை நெருங்குகிறவர், கழுத்துவலிக்காரர். காதில் மாட்டும் கருவியின் பஞ்சு கிழிந்துபோய், அதற்குப் பழைய கைக்குட்டையைச் சுற்றித் தைத்திருப்பார். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதற்கு மேலே அவர் நெற்றி மட்டும் தெரியும். அந்த நெற்றி சுருங்குவதை வைத்தே எதிர்முனையில் கத்துகிறார்களா அழுகிறார்களா என்று நான் சொல்லிவிடுவேன்.

அன்றைக்கு அது சுருங்கவே இல்லை. அதுதான் வினோதம்.

3

அழைத்தவர் ஒரு அம்மா. [துணி இஸ்திரி போடும் கடையில் மத்தியான வேலை. அச்சுக்குப் போகும்முன் தொழிலை மாற்ற வேண்டும்.] நாலாம் வகுப்பு படிக்கும் மகளை அடுத்த பருவத்திலிருந்து 'தனிக் கவனப் பிரிவு'க்கு மாற்றப்போவதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தப் பிரிவுக்குப் போனால் உதவித்தொகைத் தேர்வு எழுத முடியாது. எங்கள் செயலி போட்ட குறிப்பை வைத்துத்தான் பள்ளி முடிவெடுத்தது.

(அந்தக் குறிப்புக்கு முன்பு 'மெதுவாகக் கற்பவர்' என்று பெயர். மனசு நோகும் என்று 'தனிக் கவனம் வேண்டுபவர்' என்று மாற்றியவன் நான். கூட்டத்தில் கைதட்டினார்கள்.)

நான் எழுதிக் கொடுத்திருந்ததை ஹலோ அக்கா சொன்னார்: தவறுகள் கற்றலின் ஒரு பகுதி, கவலைப்படாதீர்கள், பொறுமையாக இருங்கள். அந்த அம்மா அவரைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"அந்தத் தப்பெல்லாம் எம் பொண்ணு பண்ணலைங்க. நான் பண்ணது."

இந்த வாக்கியத்தை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டும் திறமை இருந்தால் நான் ஏன் 'கடவுச்சொல் தவறு' எழுதிக்கொண்டிருக்கிறேன்?

விஷயம் இதுதான். பள்ளி கொடுத்த டேப், அதாவது கைக்கணினி, பகலில் வீட்டில் கிடக்கும். மகள் பள்ளிக்குப் போன பிறகு, பதினொன்றிலிருந்து ஒன்று வரை, அந்த அம்மா செயலியில் மகளின் கணக்கைத் திறந்து எழுத்துப் படித்தார். ஐந்து மாதமாக. கல்யாணத்தின்போது எட்டாவது வரை படித்ததாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் 'கண்ணாடியை எங்கேயோ வச்சிட்டேன், நீங்களே படிங்க' என்றே ஓட்டிவிட்டார். மகளின் வீட்டுப்பாடத்தை விரலால் மேலிருந்து கீழே தடவிவிட்டுக் கையெழுத்தும் போடுவார். அம்மா சரிபார்க்கிறாள் என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருந்தது.

"முழுசா நானே படிச்ச முதல் லெட்டர் இதுதாங்க," என்றார். "தப்பாப் படிச்சிருப்பேனோன்னு நாலு தடவை படிச்சேன்."

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்பு எழுத்தில் தடுக்கி விழுகிறது என்று எங்கள் செயலி முடிவு கட்டியிருந்தது. ஒருவராவது மணியைப் பார்த்திருந்தால் போதும். அந்த நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்கிறது! யாரும் பார்க்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் தானே சரிசெய்துவிடுவதாக ஹலோ அக்கா வாக்குக் கொடுத்தார். எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். எந்த வகை அழைப்பு என்று முத்திரை குத்தி மூட வேண்டும். தரம் பார்க்கிறவர்கள் அதில் சிலவற்றை எடுத்துக் கேட்பார்கள். 'தவறான எண்' என்று மூடியதை மட்டும் கேட்க மாட்டார்கள். ஹலோ அக்கா அதைத் 'தவறான எண்' என்று மூடினார். பேசிய நேரம் இருபத்திரண்டு நிமிடம்.

4

இந்த இடத்தில் கட்டுரை மாதிரி நாலு வரி எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டமைப்பு கெட்ட எண்ணத்தில் தொடங்கியதல்ல. முன்பெல்லாம் ஒரு பிள்ளை ஏழு செயலிகளில் ஏழு முறை பரீட்சை எழுதியது. ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவர் நம்ப மாட்டார். ஏழு பேரும் உட்கார்ந்து பேசி, ஒரே பதிவேடு, ஒருவர் எழுதியதை மற்றவர் அப்படியே ஏற்பது என்று கையொப்பமிட்டார்கள். நல்ல காரியம்தான். அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன். பெற்றோர் சம்மதத்துக்கான வரியை நான்தான் எழுதினேன்: 'உங்கள் குழந்தையின் விவரங்கள் நம்பகமான கூட்டாளிகளுடன் மட்டுமே பகிரப்படும்.' அந்த அம்மா அதை வாசிக்கத் தெரியாமல், மகள் காட்டிய பச்சைப் பட்டனை அழுத்தியிருக்கிறார்.

ஹலோ அக்கா அன்றைக்கே எங்கள் பதிவிலிருந்து அந்தக் குறிப்பை அழித்தார். மறுநாள் காலை அது திரும்பி வந்திருந்தது. மற்ற ஆறு பேரிடமும் இருந்ததால், எங்களிடம் தொலைந்துபோனதாக நினைத்து, அக்கறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அழித்தார். மறுபடியும் வந்தது. ஆறு நிறுவனத்துக்கும் பேசினார். 'உங்ககிட்டேர்ந்து வந்ததுதானே, நீங்க தப்பா எழுத மாட்டீங்கன்னுதான் வச்சிருக்கோம்' என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எவ்வளவு மரியாதை பாருங்கள்.

(பிள்ளை மறுபடி பரீட்சை எழுதினால் போயிற்று என்பீர்கள். எழுதியது. ஐந்து மாதத் தவறுகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தார்கள். போதாததற்கு, தான் மக்கு என்று கேள்விப்பட்ட பிள்ளை பயத்தில் தெரிந்ததையும் தப்பாக எழுதியது.)

5

வழி ஒன்றே ஒன்றுதான், திருத்தப் படிவம். யார் பயன்படுத்தியது, எதற்காக, பெற்றோர் கையொப்பம். ஏழு நிறுவனங்களுக்கும் பள்ளிக்கும், பதிவுசெய்த கைப்பேசிக்கும் ஒரு நகல் போகும். பதிவுசெய்த கைப்பேசி அப்பாவுடையது. வெளிப்படையாக இருந்தால்தான் நம்பிக்கை வளரும் என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கினார்.

ஹலோ அக்கா அந்த அம்மாவை அழைத்து, ஒளிக்காமல் சொன்னார்.

"அவருக்கும் போகுமா?"

"போகும்மா."

அந்த அம்மா சொன்னார்: "எம் பொண்ணு நேத்து கேட்டா, அம்மா நான் மக்கான்னு. இல்லடின்னேன். உனக்கு எப்படித் தெரியும், நீ என்ன டீச்சரான்னு கேட்டுட்டு டேபை மூடி வச்சிட்டா."

திங்கட்கிழமை வரை நேரம் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். தான் டேபைத் தொட்டே ஒரு வாரமாகிறது என்றும் சொன்னார். பிரிவு மாற்றும் பட்டியலைப் பள்ளியோ அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே மூடுகிறது.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. அந்த அம்மா கையொப்பமிடுகிறார். கணவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து— (ஆண்டு மலருக்கு ஏற்ற முடிவு. எனக்கே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன்.)

ஆ. யாரும் எதுவும் செய்யவில்லை. பிள்ளை அந்தப் பிரிவிலேயே இருந்துவிடுகிறது. (ஊர் உலகத்தில் பெரும்பாலும் இதுதான். ஆனால் ஹலோ அக்கா அப்படிப்பட்டவர் இல்லை.)

இ. நடந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, ஹலோ அக்கா படிவத்தை நிரப்பினார். 'இரண்டு கணக்குகள் எங்கள் பக்கத்தில் கலந்துவிட்டன. தவறு என்னுடையது.' நிறுவனத் தவறு என்றால் பெற்றோர் கையொப்பம் வேண்டாம். சாயங்காலத்துக்குள் ஏழு இடத்திலும் குறிப்பு அழிந்துவிட்டது. மூன்று வாரம் அந்தப் பிள்ளை பழைய வகுப்பிலேயே உட்கார்ந்தது.

பிறகு தணிக்கை வந்தது. இருபத்திரண்டு நிமிடம் பேசிய தவறான எண்ணை யார்தான் விடுவார்கள்? கூட்ட அறையில் ஏழு நிறுவனத்துக்கும் ஓர் ஆள், ஏழு பேர் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டார்கள். எட்டாவது ஆள் நான், குறிப்பெடுக்க. கண்ணாடியை எங்கேயோ வைத்த கதை வந்தபோது ஒருவர் சிரித்தார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பொய்யான படிவம் செல்லாது என்று குறிப்பைப் பழையபடி போட்டார்கள். உண்மைக் காரணத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், கூட்டமைப்பின் பெயர் கெடும் என்றும் முடிவாயிற்று. ஹலோ அக்காவை 'நம்பிக்கை மீறல்' என்று வேலையைவிட்டு எடுத்தார்கள். கடிதத்தை என்னை எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

அவர் அதை நின்றுகொண்டே படித்தார். "'வருந்துகிறோம்'னு ஒண்ணு போட்டிருக்கே தம்பி, அதை மட்டும் எடுத்துடு," என்றார். கைக்குட்டை சுற்றிய கருவியை மேசையில் வைத்துவிட்டு, கடைசியாக இதையும் சொன்னார்: "அந்தம்மா கதையை எங்கேயும் எழுதிடாதே. நான் திங்கட்கிழமை வரைக்கும் காத்திருந்திருக்கணும். அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குக் கடைசிவரை தெரியாமப் போச்சு."

எழுத மாட்டேன் என்றேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா மறுபடி அழைத்தாராம். 'அந்த மேடம் இருக்காங்களா' என்று கேட்டாராம். அப்படி யாரும் இங்கே இல்லை என்று புதிதாக வந்தவள் சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

[தொழிலை மாற்ற மறந்துவிடாதே.]

7

மற்றவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இனி வருவது ஒருவருக்கு மட்டும். அதனால் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன்.

அம்மா, இது உங்களுக்கு.

அவசரம் இல்லை. மெதுவாகப் படியுங்கள்.

உங்கள் மகள் மக்கு இல்லை. அது எங்களுக்குத் தெரியும். ஏழு பேருக்கும் தெரியும்.

அந்த மேடம் உங்களை ஏமாற்றவில்லை. அவருக்கு வேலை போய்விட்டது.

நீங்கள் பட்டன் அழுத்திய வரி நான் எழுதியது. உங்கள் மகளுக்குத் 'தனிக் கவனம்' என்று பெயர் வைத்ததும் நான்.

உங்கள் ரகசியத்தை இப்போது நான் வெளியே சொல்லிவிட்டேன். கேட்காமல் சொன்னேன். அந்தப் படிவம் செய்திருக்கக்கூடியதைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

திங்கட்கிழமை என்ன சொல்ல இருந்தீர்கள்? யாரும் கேட்கவில்லை. கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். அதில் எழுதுங்கள். உங்கள் மகளை அருகில் வைத்துக்கொண்டு எழுதலாம். எழுதாமலும் விடலாம்.

..................................................

தப்பு வந்தால் யாரும் குறித்துவைக்க மாட்டார்கள் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நான் எழுதுவதை நம்பி இன்னொரு முறை எதையும் செய்துவிடாதீர்கள்.