எரியாத சாமான்

கரம்பொன் ஊர் மாக்கிறேற்றுக்கு நெருப்பென்றால் குலைநடுக்கம். நயினாதீவுக்கு ஆளேற்றும் லோஞ்சுப் படகில் எஞ்சின் பார்க்கும் அவள் புருசன் லியோன், ஒருமுறை பெற்றோலால் டைனமோ கழுவப்போய்ப் புருவத்தைக் கருக்கிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து பெற்றோலைத் தொடவேண்டாம் என்று அவனை அரித்தெடுத்தாள்.

லோஞ்சு முதலாளி மார்க்கண்டு கொழும்பிலிருந்து சீ.ரீ.சீ என்றொரு திரவத்தைக் கொண்டுவந்தபோதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பியது. தண்ணீர் மாதிரித் தெளிவு, இனித்த மணம். எண்ணெய்ப் பிசுக்கை நொடியில் கரைக்கும். தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துபோகும். எரியாத சாமானால் என்ன வந்துவிடப் போகிறது? நல்லதென்று ஒருவன் சொல்லிவிட்டால் நம்மாட்கள் மறுபக்கம் திருப்பிப் பார்ப்பதில்லை.

கடல்தண்ணீர் தெறிக்காமல் மேல்மூடியைச் சாத்திக்கொண்டு, லியோனும் கூட்டாளி யாகப்பும் எஞ்சின் அறைக்குள் பகல் முழுக்க அந்தத் திரவத்தைக்கொண்டு கழுவினார்கள். பின்னேரம் லியோன் தள்ளாடி வந்து படலையடியில் சத்தி எடுத்தான்.

"தலை வெடிக்குது, மாக்கிறேற்."

"சூடு பிடிச்சிட்டுது. கொஞ்சம் கள்ளுக் குடியுங்கோ, குளிரும்."

"தபசுகாலமெல்லே. உயிர்த்த ஞாயிறு மட்டும் தொடமாட்டனெண்டு நேர்ந்தனான்."

"வருத்தக்காரரிட்டை ஆண்டவர் கணக்குப் பார்க்கமாட்டார்."

அவளே போய்ப் பனங்கள்ளு வாங்கிவந்து, பக்கத்திலிருந்து பருக்கினாள். அவன் கண்ணயர்ந்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டொரு நாளில் அவன் கண் மஞ்சளித்தது. சிறுநீர் நின்று முகம் ஊதியது. ஒரு தலையிடியோடு தப்பிவிட்ட யாகப்புதான் அவனைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். எதைக்கொண்டு கழுவினார்கள் என்று யாகப்பிடம் கேட்டறிந்த டொக்டர் அரியநாயகம், மாக்கிறேற்றிடம் திரும்பினார்.

"கழுவின அண்டைக்கு இவர் குடிச்சவரோ?"

"ஓம். கொஞ்சம்தான்."

"அந்தச் சாமான்ரை ஆவி ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அதோடை குடியும் சேர்ந்தால் தாங்க ஏலாது. குடியாமல் விட்டிருந்தால் யாகப்பைப்போல இவரும் எழும்பியிருக்கலாம்."

லியோன் எழும்பவில்லை.

தபசுகாலத்தில் குடித்தவனை ஆண்டவர் தண்டித்துவிட்டார் என்று ஊர் பேசியது. மாக்கிறேற்றுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பேச்சைத்தான் அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். அடக்கம் முடிந்தபின் கோயிலுக்குப் போய்ப் பங்குச் சுவாமியைக் கேட்டாள்.

"நேர்த்தியை முறிச்சதாலைதானே சுவாமி அவர் செத்தவர்?"

"இல்லைப் பிள்ளை. ஆண்டவர் அப்பிடிப்பட்டவரில்லை. அது அந்தத் திரவமும் கள்ளும் சேர்ந்து செய்த வேலை." ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவள் அப்படியே வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள்.

"அப்ப சுவாமி, கள்ளைப் பருக்கின நான் எதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யிறது?"