கையில்தான் அரிப்பு என்றார் மாமா

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் அக்கா புருஷன், எனக்கு மாமா. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். இன்று காலை ஸ்கூட்டரில் வந்தவர் மாடி ஏறாமல் என்னைக் கீழே கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நீ கதை எழுதுறவன்தானே, இதை எப்படியாவது எழுதி உங்க அக்காகிட்ட குடுத்துடு. எனக்கு வாய் வரல" என்றார்.

அக்கா மூன்று நாளாக என் வீட்டில் இருக்கிறாள். ஒரு பையில் நாலு துணியோடு வந்தவள். இரண்டு மாதமாக மாமா ஹாலில் தனியாகப் படுக்கிறார், பக்கத்தில் போனால் விலகுகிறார், ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறார். இனி அந்த வீட்டில் எனக்கென்ன வேலை என்று வந்துவிட்டாள். பதினாறு வருடக் கல்யாணம். இந்தத் தாள்களைப் படித்துவிட்டு அவள் திரும்பிப் போக வேண்டும். இவ்வளவு பெரிய வேலையை என் கதைகளுக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

ஆகவே வாசகரே, உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கிறவள் அடுத்த அறையில் இருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியை. எழுத எழுதப் பக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கையில் சிவப்புப் பேனா வைத்திருக்கிறாள்.

2

முதல் வரிக்குச் செய்த முயற்சிகள்:

'வெயில் காலத்துப் பிற்பகல் ஒன்றில், பாலிஷ்காரரின் உடலில் ஒரு சிறு தீ' (வேண்டாம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

'ஆண்களின் பிறப்புறுப்புத் தோலில் எரிச்சல் வரப் பல காரணங்கள் உண்டு. அவையாவன' (தப்பில்லை. ஆனால் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்த தாள் மாதிரி இருக்கிறது.)

'அவருக்கு அங்கே

எங்கே? அதுதான் சிக்கல். அந்த இடத்துக்கு டாக்டர் சொல்லும் சொல் ஒன்று இருக்கிறது, தெருச் சண்டையில் சொல்வது ஒன்று இருக்கிறது, குழந்தையைக் குளிப்பாட்டும்போது கொஞ்சிச் சொல்வது ஒன்று. புருஷன் பெண்டாட்டியிடம் உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல ஒன்றுமே இல்லை. மாமா இரண்டு மாதம் வாயைத் திறக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். மீதிப் பாதி பயம்.

சரி, சுற்றி வளைக்கவில்லை. மாமாவுக்கு ஆணுறுப்பின் நுனித் தோல் சிவந்துபோய், அரிப்பு, எரிச்சல், அங்கங்கே உரிசல்.

3

முதலில் வியர்வைதான் என்று நினைத்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தார். போகவில்லை என்றதும் நாளைக்கு நாலு தடவை தேய்த்தார். அப்புறம் குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி. ஒரு மூடி போதும் என்று பாட்டிலில் எழுதியிருக்கும், இவர் கால் பாட்டில் ஊற்றினார். பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றாராம். பிறகு மருந்துக் கடைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி, "படைக்கு ஏதாவது குடுங்க" என்று ஒரு டியூப் வாங்கி வந்தார். மூன்று நாள் சுகமாக இருந்தது. நாலாம் நாள் முன்னைவிட மோசம்.

அப்போதுதான் பயம் பிடித்தது. அந்த மாதிரி நோயாக இருக்குமோ? மாமா தப்புத்தண்டாவுக்குப் போகிறவரே இல்லை. "போகலன்னு எனக்குத் தெரியும்டா, அவ நம்பணுமே" என்றார் என்னிடம். அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்று ஹாலுக்கு மாறினார். காரணத்தைச் சொல்லிவிட்டு மாறியிருக்கலாம். மகராசன், சொல்லவில்லை.

(இந்த இடத்தில் அக்கா தலையணையை விட்டெறிந்து கத்துவதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். பக்கம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'நான் கத்தவே இல்லை. உறை மாத்தித் தலையணையை நானே ஹால்ல கொண்டுபோய் வெச்சேன். எழுத்துப்பிழை மூன்று.' காட்சியை அடித்துவிட்டேன். நாற்பது வருடமாகத் தெரிந்த பாத்திரம், எனக்குத் தெரியவே தெரியவில்லை. பக்கத்தின் அடியில், இரண்டு கோடு போட்டு, இன்னொன்றும் எழுதியிருந்தாள்: 'டாக்டரைப் பார்த்தாரா?')

4

பார்த்தார், அக்கா. நேற்றுத்தான்.

தோல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் இருந்த பெண், ஹால் முழுக்கக் கேட்கிற குரலில், "என்ன பிரச்சினை சார்?" என்று கேட்டாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கை," என்றார் மாமா. "கையில்தான் அரிப்பு."

அவள் அதையே சீட்டில் எழுதிவிட்டாள். உள்ளே இருந்த டாக்டர் தலை நரைத்த அம்மாள். சீட்டைப் பார்த்துவிட்டு, "கையை நீட்டுங்க" என்றார். மாமா வேறு வழியில்லாமல் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் பழுப்புக் கறை, வறண்டு வெடித்த தோல்.

"என்ன வேலை செய்றீங்க?"

"மரத்துக்குப் பாலிஷ்மா. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெயிண்டைக் கரைக்கிற தின்னர்ல துடைச்சு, வார்னிஷ் அடிக்கிறது."

"கை எப்போ கழுவுவீங்க?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி. பாத்ரூம் போனா, போயிட்டு வந்தப்புறம்."

"போறதுக்கு முன்னாடி?"

மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். போவதற்கு முன்னால் யார் கை கழுவுகிறார்கள்?

"அப்போ தின்னர் கையோடதான் போறீங்க. கைத்தோல் முரடு, அதுக்கே இந்தக் கதி. மெல்லிய தோல் என்னத்துக்கு ஆகும்? வேற எங்கேயும் எரிச்சல் இல்லையா?"

மாமா அங்கேதான் அழுதுவிட்டார். பொய் சொல்லப் போன இடத்தில் உண்மை தானாக வந்து மாட்டிக்கொண்டது.

திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார் டாக்டர். சர்க்கரை இருந்தால் அங்கே பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும் என்று விரலில் குத்தி அங்கேயே ரத்தம் பார்த்தார். சர்க்கரை இல்லை. வேறு யாரிடமாவது தொடர்பு உண்டா என்று கேட்டார், கணக்குக் கேட்கிற முகத்தோடு இல்லாமல். இல்லை என்றார் மாமா. சோப்பிலிருந்து டியூப் வரை தான் பார்த்துக்கொண்ட வைத்தியத்தையும் சொல்லிவிட்டார்.

"வேர்வை, இறுக்கமான ஜட்டி, சோப்பு, பூஞ்சை, சில பேருக்கு ஆணுறை ரப்பர், சில பேருக்குத் தொத்து நோய்னு ஆயிரம் காரணம் இருக்கு. எதுன்னு தெரியாம நீங்களே வைத்தியம் பார்த்தா இப்படித்தான். உங்களுக்குத் தின்னர் ஆரம்பிச்சு வெச்சது, சோப்பும் அந்த வீரியமான டியூபும் வளர்த்து விட்டுச்சு. எல்லாத்தையும் நிறுத்துங்க. வெறும் தண்ணியில கழுவி, மெதுவா ஒத்தி எடுங்க. நான் எழுதற களிம்பு பத்து நாள். தளர்வான பருத்தி ஜட்டி. வேலையில கையுறை. பாத்ரூமுக்கு முன்னாடியும் கை கழுவுங்க. புண்ணு வந்தாலோ, குறையலைன்னாலோ உடனே வாங்க."

"என் வீட்டுக்காரிக்கு ஒட்டுமாம்மா?"

"தின்னர் எரிச்சல் எப்படிங்க ஒட்டும்?"

5

இனி முடிவு.

முடிவு ஒன்று: மாமா மாடியேறி வந்து எல்லாவற்றையும் தன் வாயால் சொல்கிறார். (நடக்காது. சொல்ல முடிந்தவர் என்னிடம் ஏன் வருகிறார்?)

முடிவு இரண்டு: அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். (மூன்று நாள் அழுதவள் அப்படிச் சட்டென்று சிரிக்கமாட்டாள்.)

முடிவு மூன்றை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இந்தக் கதையில் ஒரு ஆளை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அக்கா, போன மாதம் போனில் கேட்டாயே, "ஏன்டா இவர் இப்படி ஆயிட்டார்?" என்று. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். கதைக்காரப் புத்தி, "வேற யாராவது இருக்கலாம்க்கா, அவர் போனைக் கவனிச்சுப் பாரு" என்றேன். கதையாகப் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. நீ அதை நம்பித்தான் பையை எடுத்தாய். மாமாவுக்கு இது தெரியாது. தெரியாததால்தான் நம்பி என்னிடம் வந்திருக்கிறார். அவர் உன்னிடமிருந்து விலகியது உனக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று. என்னை மன்னித்துவிடு.

உனக்கு ஏற்கெனவே ஒரு தடவை முடிவு சொல்லிக் கெடுத்தது போதும். இதற்கு நான் எழுதமாட்டேன். மாமா இன்னும் கீழேதான் நிற்கிறார். போகச் சொல்லிப் பார்த்தேன், அவ படிச்சு முடிக்கட்டும் என்கிறார். மேலே வரவும் மாட்டாராம், நீ கூப்பிட்டாலொழிய. தெருப் பக்கத்து ஜன்னல் நீ இருக்கிற அறையில்தான் இருக்கிறது.