வட்டம் போடாத வரிசை

பட்டறையில் அவருக்குப் பெயரே பாம்புக்காதுதான். படகின் அடித்தகடுகளைச் சேர்த்து அடித்து முடித்த ரிவிட் ஆணியைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்றால் நல்லது. மொத்தென்று சத்தம் வந்தால் சாக்கட்டியால் ஒரு வட்டம். வட்டம் விழுந்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும். திருகாணியா என்ன, திரும்ப முறுக்கிக்கொள்வதற்கு?

அந்தச் சோதனை வேலைக்கு வருமுன் இருபது வருஷம் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து, மறுபக்கம் மற்றவர்கள் அடிக்க அடிக்க ரிவிட்டைத் தாங்கிப் பிடித்த ஆள் அவர். அப்புறம் காது என்னத்துக்கு ஆகும்? போயே போய்விட்டது. ரெண்டு வருஷமாகப் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. யாராவது பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். புரியாவிட்டால் "ஆமாமா" என்று தலையாட்டி வைப்பார்.

இது தெரிந்த ஒரே ஆள் மச்சான், மனைவியின் தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டார்கள். இவர் தட்டுவார். சத்தம் சரியில்லையென்றால் எதிரே குனிந்திருக்கும் மச்சான் மூக்கைச் சொறிவான். உடனே இவர் வட்டம் போடுவார்.

"அக்கா வீட்டுல அடுப்பு எரியணுமே மாமா, அதுக்காகச் சொறியுறேன்," என்பான் மச்சான். "மூக்குதான் புண்ணாப் போச்சு."

மச்சான் இல்லாவிட்டால் விரல் இருந்தது. ரிவிட் தலையின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் தட்டினால், ஆட்டம் கண்ட ரிவிட் விரலில் துடிக்கும். ஆனால் மச்சான் காய்ச்சலில் படுத்த அன்றைக்கென்று பார்த்து, சூட்டுத் தகட்டில் பட்டு அந்த விரல் கொப்பளித்துக் கட்டுப் போட்டிருந்தது. மற்ற விரல்களுக்கு அந்தத் துடிப்பு பிடிபடாது. அன்றைக்குத்தான் படகின் முன்பக்க அடி வரிசை அடித்து முடிந்தது. மொத்தம் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் தட்டினார், தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல் பாவனை செய்தார், கடைசியில் தாளில் கையெழுத்துப் போட்டார். நம்ம ஆட்கள் அடித்தது, தப்பாகவா இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். செய்தது தப்புதான். அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

அதன்பின் பத்தாம் நாள் காலையில் படகு தண்ணீரில் நின்றது. செய்தவர்களின் வீட்டு ஆட்கள்தான் முதல் பயணம் போக வேண்டும் என்பது பட்டறை வழக்கம். எண்பது பேர் ஏறிவிட்டார்கள். மனைவியும் மகளும் மச்சானும் மேல்தளத்தில் நின்றார்கள். மகள் இவர் பக்கம் திரும்பவே இல்லை. 'கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறாரு, அப்படி என்ன திமிரு' என்று அவள் பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. மச்சான் சொல்லித்தான் இவருக்கு அதுவும் தெரியும்.

இவர் கரையில் நிற்கும்போது, ரிவிட் காய்ச்சுகிற உலைக்காரர் வந்து தோளில் தட்டினார். அவர் வாயை அகலத் திறந்து பேசுகிற ஆள். ஒரு சொல்கூடத் தப்பாது.

"பாம்புக்காது, உங்களால நான் தப்பிச்சேன்யா. அன்னிக்கு உலைக்குக் காத்து ஊதுற மெஷின் மக்கர் பண்ணிடுச்சு. ரிவிட்டு அரைகுறையாத்தான் காஞ்சுது. எப்படியும் முக்கால்வாசிக்கு நீங்க வட்டம் போடுவீங்க, மறுநாள் மாத்தி அடிச்சுக்கலாம்னு விட்டுட்டேன். வந்து பாத்தா ஒண்ணுக்குக்கூட வட்டத்தைக் காணோம்."

"எந்த வரிசை?"

"முன்பக்கம், அடி வரிசை."

நன்றாகப் பழுக்கக் காய்ந்த ரிவிட்தான் ஓட்டையை நிறைக்கும், ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் சேர்த்து இறுக்கும். அரைகுறையாகக் காய்ந்தது ஒப்புக்கு நிற்கும். கரையோரம் கசிந்தாலும் தாங்கிவிடும். வெளியே போய், அலை முன்பக்கத்தில் மோத ஆரம்பித்தால் வரிசையோடு விட்டுவிடும். ஐயோ, உள்ளே பிள்ளை நிற்கிறாள்.

ஓடினார். கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக்கொண்டிருந்த மேஸ்திரியின் கையைப் பிடித்தார்.

"நிறுத்துங்க. முன்பக்க அடி வரிசை சரியில்ல. நான் ஒழுங்கா பாக்கல."

மேஸ்திரி என்னவோ சொன்னார். பாழாய்ப்போன மீசை உதட்டை மூடிக்கொண்டிருந்தது, ஒன்றும் புரியவில்லை. மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து இவருடைய கையெழுத்தையே காட்டிச் சிரித்தார். பெண்ணைப் பெற்றவனுக்குப் பயம் என்று நினைத்திருப்பார்போல. முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுக் கயிற்றுக்காரர்களுக்குக் கையசைத்தார்.

புகைபோக்கியில் புகை வந்தது. படகு கரையைவிட்டு ஒரு முழம் விலகியிருந்தது. அவர் தாவினார். முட்டி தகட்டில் மோதியது. எழுந்து நின்று, தன் குரல் எவ்வளவு பெரிதென்று தெரியாமலே கத்தினார்.

"எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா கேக்காது. அந்த வரிசையில நான் தட்டுனது ஒண்ணுகூட எனக்குக் கேக்கல. படகை நிறுத்துங்க."

எல்லா முகமும் திரும்பியது. எல்லா வாயும் அசைந்தது. மச்சான் கூட்டத்தை இடித்துக்கொண்டு எஞ்சின் இருந்த கீழறைப் பக்கம் ஓடினான். யார் எதைச் சொல்கிறார்கள், யாராவது நம்பினார்களா, எஞ்சின் நின்றதா, ஓடுகிறதா? எதுவும் தெரியவில்லை. இவ்வளவு சொல்லியும் அவருக்குப் பதில் கிடைக்க வழியில்லை.

மண்டியிட்டு, ஆறிய விரலைத் தளத்தின் தகட்டில் வைத்தார். துடித்தது. நெற்றியைத் தகட்டில் முட்டி மறுபடி கத்தினார். இன்னும் துடித்தது. பிறகு துடிப்பு தளர்ந்தது. இரண்டு முறை லேசாக இடித்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த விரலை அவர் நம்பவில்லை. புதுத்தோல், மரத்துப்போயிருக்கலாம். இரண்டு உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தார். தகடு அசையாமல் கிடந்தது. எஞ்சின் நின்றிருந்தது. கீழறைப் படியில் மச்சான் ஏறி வந்தான். கீழே கசிந்த தண்ணீரில் கணுக்கால்வரை நனைந்திருந்தான்.

யாரோ எதிரில் உட்கார்ந்தார்கள். மகள். அவள் வாய் அசைந்தது. கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. அவள் தன் துணி நுனியால் அவர் கண்ணைத் துடைத்தாள். பிறகு வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் கூப்பிட்டது எதுவுமே கேக்கலையாப்பா?"

"கேக்கலம்மா," என்றார்.