கண்ணாடிப் பெட்டியில் இடது கால்

காலில் போட்டு நடந்த ஷூவைத் திருப்பிக் கொண்டுவந்து கடைக்காரரிடமே நீட்டுகிற துணிச்சல், கள்ளக்குறிச்சி கடைவீதியில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. ஷேக் பரீத்தின் செருப்புக் கடையில் நிச்சயமாக வந்ததில்லை. கல்லாவுக்கு மேலே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அவர் முகத்தைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

எண்பத்தேழாம் வருஷத்து இட ஒதுக்கீட்டு மறியல் அப்போதுதான் ஓய்ந்து, பஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. ஒரு மத்தியானம் செல்லமுத்து கடைக்குள் வந்தான். மஞ்சள் பையிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூவை எடுத்துக் கல்லாப் பெட்டிமேல் வைத்தான்.

பரீத் பதறி எழுந்தார். காலையில் பிஸ்மில்லா சொல்லித் தொட்டு உட்காருகிற பெட்டி அது. அதன்மேல் புழுதி அப்பிய ஷூ.

"இன்னாப்பா இது? எங்க கொண்டாந்து வெக்கிற? கீழ எடு மொதல்ல."

"தப்பா நெனைக்காதீங்க பாய்." செல்லமுத்து அவசரமாக எடுத்துக் கீழே வைத்தான். "எடது கால் வாயப் பொளந்துக்கிச்சி. அதக் காட்டத்தான் வந்தேன்."

வலது கால் ஷூ புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. இடது காலில் அடிப்பாகம் முன்பக்கம் முழுக்கப் பிரிந்து தொங்கியது.

செல்லமுத்துவை அவருக்கு நன்றாகத் தெரியும். சங்கராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார் வேலை. வேலை நிரந்தரமாகிற ஆர்டர் எந்த நேரமும் வரலாம், அதை வாங்கப் போகும்போது அதிகாரி முன்னால் ரப்பர் செருப்போடு நிற்க முடியாது என்று மறியலுக்குச் சற்று முன்னால்தான் இந்த ஷூவை வாங்கிப் போனான். பரீத்தே மாட்டிவிட்டு, கலெக்டர் மாதிரி இருக்கிறாய் என்று உச்சி குளிரப் பேசித்தான் அனுப்பினார்.

"கல்லு முள்ளுல போய் மோதியிருப்ப."

"மோதலீங்க. பஸ் இல்லியே, கச்சிராயபாளையத்துலேர்ந்து மலைக்கு நடந்தேன். ஏத்தத்துக்கே இன்னும் வரல, அதுக்குள்ள எடது கால் பிரிஞ்சிடுச்சி. மிச்சத்த வெறுங்கால்லதான் ஏறினேன்."

"நடந்துட்ட இல்ல? தரையத் தொட்டுச்சின்னா அது உன்னுது. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது."

"நடக்காம எப்டி பாய் தெரியும் நல்லதா கெட்டதான்னு? போட்டாத்தான பழுது தெரியும்." செல்லமுத்து வகுப்பில் பாடம் சொல்கிற நிதானத்தோடு பேசினான். "புதுசா ஒரு சட்டம் வந்திருக்குதுங்க. ரேடியோவுல சொன்னாங்க. போட்டிருந்தாலும் சரக்குல பழுதுன்னா கடக்காரங்க மாத்திக் குடுக்கணும், இல்லன்னா பணத்தத் திருப்பணும்."

அந்த நிதானம்தான் வினையாகிப் போனது. மறியல் வாரம் முழுக்க கடைக் கதவை இறக்கிவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்தவர் பரீத். அவருக்கு வரவேண்டிய சரக்கு லாரி, மறியல்காரர்கள் மரங்களை வெட்டிப் போட்டிருந்த ரோட்டில் உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. வந்த எரிச்சலை யார்மேல் கொட்டுவது என்று தெரியாமல் இருந்த மனுஷனிடம் ஒரு சின்னப் பையன் வந்து சட்டம் பேசினால்? நாக்கு முந்திக்கொண்டது.

"மரத்த வெட்டி ரோட்டுல போட்டுட்டு, போலீஸ் தொரத்த ஓடி ஷூவக் கிழிச்சிக்கினு, இப்ப என்கிட்ட வந்து சட்டம் பேசுறியா?"

அவருடைய குரல் சாதாரணமாகவே நாலு கடை தாண்டிக் கேட்கும். எதிரே முனியன் டீக்கடையில் கிளாசும் கையுமாக நின்றிருந்த ஏட்டு திரும்பிப் பார்த்தார். மறியலில் இருந்தவர்களைப் போலீஸ் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த நேரம். கிளாசை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"இன்னா பாய், இவனா? பாத்தீங்களா நீங்க?"

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். பரீத்துக்கு அது வரவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, சொன்னதை விழுங்குவதா என்று வீம்பு பிடித்துக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல்லமுத்துவின் முகத்தில் ரத்தமே இல்லை. "பாய், சொல்லுங்க பாய். நான் மலையில இருந்தேன். ஒரு கேஸ் வுழுந்தா எனக்கு ஆர்டர் வராது. வாத்தியார் வேலையே போச்சி."

"ஸ்டேஷன்ல வந்து பேசு" என்று ஏட்டு அவன் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். ஷூ ஜோடி கடையிலேயே கிடந்தது.

முனியன் டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். "இன்னா பாய் இப்டி பண்ணிட்டீங்க? அந்தப் புள்ளயப் போயி."

"ஓடாம எப்டிய்யா பிரியும்?" பரீத் எகிறினார். "இது என்னா ரோட்டுக் கட சரக்கா? எங்கப்பா காலத்துலேர்ந்து விக்கிறேன். மாடு கட்டி இழுத்தாலும் பிரியாது. நீயே பாரு."

வாசலை ஒட்டிய கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கடைக்கே அழகு அந்தப் பெட்டிதான். அதில் எல்லாமே இடது கால்தான் இருக்கும். ஒற்றைக் கால் ஷூவை எவனும் திருட மாட்டான் என்று அவருடைய அப்பா பழக்கிவிட்ட முறை அது. வலது கால் உள்ளே அட்டைப் பெட்டியில் இருக்கும். ஆள் வந்து கேட்டால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்.

அதே மாதிரி கறுப்பு ஷூ ஒன்றை எடுத்து, முனியனின் மூக்குக்கு நேராக வைத்து வளைத்தார்.

அடிப்பாகம் சத்தமே இல்லாமல் பிரிந்து அவர் கையோடு வந்தது.

பரீத் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பழுப்பு ஷூவை எடுத்து இழுத்தார். அதுவும் வந்தது. பட்டை வைத்த செருப்பு ஒன்றை எடுத்தார். அதுவும். உள்ளே ஓடி அட்டைப் பெட்டியிலிருந்து வலது கால் ஒன்றைக் கொண்டுவந்து பலம்கொண்ட மட்டும் முறுக்கினார். அது அசையவில்லை.

கண்ணாடியில் கை வைத்தார். சுட்டது. மேற்குப் பார்த்த கடை. மத்தியானம் தொடங்கி சாயங்காலம் வரை வெயில் அந்தப் பெட்டிக்குள்தான் இறங்கும். தினமும் அந்தச் சூட்டில் வெந்து வெந்து பசை காய்ந்து பொடியாகிக் கிடந்திருக்கிறது. அவர் தினமும் துணியால் துடைத்துப் பளபளப்பாக அடுக்கி வைத்த சரக்கு அத்தனையும் வெறும் ஒப்புக்கு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் ஒன்றைத்தான் தன் கையாலேயே அந்தப் பிள்ளையின் காலில் மாட்டியிருக்கிறார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் ஓடல, முனியா" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

பெட்டியில் இருந்த இடது கால்களை எல்லாம் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். செல்லமுத்து சுவர் ஓரமாகக் குந்தியிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவைப் பரீத்தால் தாங்க முடியவில்லை.

"நான் ஒண்ணும் பாக்கலீங்க. கோவத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டரிடம்.

"அப்ப ஒண்ணு, இப்ப ஒண்ணா? இன்னா பாய், அவன் ஆளுங்க வந்து மெரட்டுனாங்களா?"

பரீத் ஆடிப்போனார். உண்மையைச் சொன்னால்கூட நம்ப ஆள் இல்லை. பொய்யை மட்டும் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டார்கள். சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"நீங்களே இழுத்துப் பாருங்க ஐயா. எது வேணா எடுங்க."

இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்தார். அடிப்பாகம் அவர் கையோடு வந்தது. சந்தேகத்தோடு ஏட்டிடம் ஒன்றை நீட்டினார். அதுவும் அப்படியே. தரையெல்லாம் மேல் வேறு அடி வேறாகக் கிடந்தது.

"யோவ், என் பையனுக்கு உன்கிட்டதான்யா ஸ்கூல் ஷூ வாங்கினேன்" என்றார் இன்ஸ்பெக்டர், சிரிக்காமல்.

"மாத்திக் குடுத்துடறேங்க. இந்தத் தம்பிய மட்டும் வுட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்துத் தலையசைத்தார். "இன்னும் பேர் எழுதல. கூட்டிக்கினு போ. மலையில ஸ்கூல்ல கேட்டுக்கறேன்."

வெளியே வந்ததும் பரீத் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைக்கு வா தம்பி. உள்ள வெயில் படாத அட்டப் பொட்டியிலேர்ந்து ரெண்டு காலும் எடுத்துத் தரேன். பணம் வேணும்னாலும் வாங்கிக்க."

செல்லமுத்து மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டான். "வாங்கிக்கிறேன் பாய். அது எனக்கு வரவேண்டியது, வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா கடவீதியே கேக்க ஒண்ணு சொன்னீங்களே. அங்க இருந்தவங்க இந்நேரம் சங்கராபுரம் வரைக்கும் சொல்லியிருப்பாங்க. அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல இல்லன்னு சொல்லுங்க. அப்பறம்தான் ஷூ."

பரீத் இதை எதிர்பார்க்கவில்லை. சாக்கு நிறைய சரக்கு போனது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தன் கடையைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்வதா? சொல்லாவிட்டால் இவன் வாத்தியார் வேலை என்ன ஆகும்? கடைவீதியைப் பார்த்து நடந்தார்.

முனியன் டீக்கடை முன்னால் சாயங்காலக் கூட்டம் நின்றிருந்தது. பரீத் தன் கடைப் படியில் ஏறினார். செருமினார். செல்லமுத்து ரோட்டிலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தம்பி எங்கயும் ஓடல" என்றார். போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது. மூச்சை இழுத்து, நாலு கடை தாண்டிக் கேட்கும்படி மறுபடி சொன்னார். "மறியல்ல நான் இவரப் பாக்கல. பொய் சொன்னேன். என் கட ஷூதான் தானா பிரிஞ்சிது. எடது கால் ஷூ அத்தனையும் வெயில்ல வெந்து கெட்டுப்போச்சி."

யாரும் அவரைத் திட்டவில்லை. செல்லமுத்துவின் தோளைக்கூட யாரும் தட்டவில்லை. கூட்டத்தில் ஒருவர் மெல்லக் குனிந்து, தன் இடது காலைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரும் குனிந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

செல்லமுத்து படியேறிக் கடைக்குள் போய், ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினான்.